மேற்படி

போன வருஷம் ஆடி மாசம். காற்றில் மாடிக் கதவு தானாகத் திறந்து தானாக அடித்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, பதினோரு மணி வாக்கில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒரு மாநிலத்தின் சிறைகள் எல்லாவற்றிலும் கைதிகளுக்கான மருத்துவ நிர்வாகத்தை மேற்பார்வை செய்ய ஒரு மூத்த நிர்வாகி தேவை. இரண்டு வாரத்துக்குள் ஐந்து பெயர்கள் கொடுக்க வேண்டும். மாநிலம் அமெரிக்காவில் இருந்தது. நான் தொப்பம்பட்டியில் இருந்தேன்.

பழனியிலிருந்து தாராபுரம் போகிற வழியில் இருக்கிற ஊர் எங்களுடையது. கொரோனாவுக்கு முன்னால் சென்னையில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து செய்த வேலையை, 2020க்குப் பிறகு இங்கே மாடியறையில் உட்கார்ந்து செய்கிறேன். அமெரிக்க நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் வேலை. அவர்களுக்குப் பகல் என்பதால் எனக்கு ராத்திரி. "ஆள் புடிச்சுக் குடுக்கற வேலை" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருக்கிறாள். இந்தப் பக்கம் ஸ்பின்னிங் மில்களுக்கு ஆள் பிடித்துத் தரும் புரோக்கர்களை எல்லாருக்கும் தெரியும். வேன் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். அம்மா சொல்வது தப்பில்லை. என்னிடம் வேன் இல்லை, அவ்வளவுதான்.

மென்பொருள் ஆட்கள், கணக்கர்கள், நர்ஸ்கள் என்று நிறையப் பேரைத் தேடிக் கொடுத்திருக்கிறேன். சிறை மருத்துவம் அதுதான் முதல் தடவை. பதவி விவரத்தை இரண்டு முறை படித்தேன். மருத்துவ நிர்வாகத்தில் பதினைந்து வருஷ அனுபவம். பெரிய பட்ஜெட்டைக் கையாண்டிருக்க வேண்டும். ஒப்பந்தங்களை மேற்பார்வை செய்யத் தெரிந்திருக்க வேண்டும். வழக்குகளால் வரும் செலவைக் கட்டுக்குள் வைத்த அனுபவம் இருந்தால் முன்னுரிமை. 'நோயாளி' என்ற சொல் எங்கேயாவது வருகிறதா என்று தேடிப் பார்த்தேன். ஓரிடத்தில் வந்தது.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு வாசலில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. மாமா ஒன்றுக்குப் போக எழுந்திருக்கிறார். ஒரு தட்டு, ஓர் இழுப்பு, ஒரு தட்டு. அந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. அன்றைக்கு மட்டும் அது நிற்கும்வரை விசைப்பலகையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

*

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. இரண்டு ஏக்கர் மக்காச்சோளம், பத்து முருங்கை மரம், ஒரு எருமை. அவரை நல்லவர் என்று காட்டுவதற்காக இதை எழுதவில்லை. வரப்புத் தகராறில் பக்கத்துக் காட்டுக்காரரை மண்வெட்டிக் காம்பால் அடித்தார். அந்த மனிதருக்குக் கை முறிந்தது. வழக்குப் பதிவானது, கைதானார், ரிமாண்ட் ஆனார். மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது. மொத்தம் 23 நாள் ஜெயிலில் இருந்தார்.

அவருக்குச் சர்க்கரை. இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர். போகும்போதே வலது காலில் ஒரு சின்னப் புண் இருந்தது. செருப்பு கடித்த புண் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

முதல் தடவை மனு போட்டுப் பார்க்கப் போனபோது அத்தை ஒரு பிளாஸ்க்கில் ஐஸ்கட்டி போட்டு, நடுவில் இன்சுலின் குப்பியை வைத்து எடுத்து வந்தாள். வாசலில் வாங்க ஆளில்லை. வெளி மருந்தை உள்ளே விட முடியாது, டாக்டர் எழுதினால்தான் ஆச்சு என்றார்கள். அந்த விதியில் நியாயம் உண்டு. கண்ட குப்பியையும் உள்ளே விட முடியாதுதான். டாக்டர் எங்கே என்று கேட்டோம். அவருக்கு வேறோர் இடத்திலும் பொறுப்பு, நாளைக்கு வருவார். வெயிலில் நின்றபடி அத்தை பிளாஸ்க்கைத் திறந்து திறந்து பார்த்தாள். "கரையுது கண்ணு, கரையுது" என்று அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

டாக்டர் மறுநாள் வந்திருக்கிறார். மாமாவைப் பார்த்திருக்கிறார். இன்சுலினுக்கு எழுதியிருக்கிறார். அதற்கடுத்த நாள் காலைப் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியின் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு உடனே அனுப்பவும் என்று எழுதியிருக்கிறார். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஜாமீன் மனுவுக்காக வக்கீல் வாங்கிய நகலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அந்தத் தாளில் இரண்டு பத்திகள். இடது பக்கம் டாக்டரின் உத்தரவு. வலது பக்கம் அதன்மேல் எடுத்த நடவடிக்கை. மூன்றாம் நாளுக்கு நேரே வலது பக்கம் எழுதியிருந்தது: 'வழிக்காவல் இல்லை.' கைதியை வெளியே கூட்டிப்போகத் துணைக்கு வரும் போலீசைத்தான் வழிக்காவல் என்கிறார்கள். அவர்கள் ஜெயில் ஆட்கள் இல்லை. வேறு துறையிலிருந்து வர வேண்டும். திருவிழா, தலைவர்கள் வருகை, நீதிமன்ற வாய்தா எல்லாம் போக மிச்சமிருந்தால் ஆஸ்பத்திரிக்கு.

நான்காம் நாள்: 'மேற்படி.' ஐந்தாம் நாள்: 'மேற்படி.' ஆறு, ஏழு, எட்டு. ஐந்து மேற்படிகள், ஒரே கையெழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, கோடு பிசகாமல். ஒன்பதாம் நாள்: 'அனுப்பப்பட்டது.'

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். முன்னமே அனுப்பியிருந்தால் விரல் தப்பியிருக்குமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா. சர்க்கரைக் காலு" என்றார் அந்த டாக்டர். அதுதான் உண்மை. யாரும் மாமாவுக்கு வைத்தியம் பார்க்க மறுக்கவில்லை. எல்லாரும் அவரவர் எழுத வேண்டியதை எழுதியிருந்தார்கள்.

*

அந்த இரண்டு வாரமும் பகலில் தூங்காமல் சிறை மருத்துவம் பற்றிப் படித்தேன். வேலைக்காகத்தான் ஆரம்பித்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை.

நம்மூர் ஜெயில்களுக்கு அடிப்படையாக இருந்துவருவது 1894ஆம் வருஷத்துச் சிறைச் சட்டம். அதில் 38ஆம் பிரிவைப் படித்தபோது திடுக்கென்றது. மருத்துவ அதிகாரி ஒரு கைதியைப் பற்றிக் கொடுக்கும் உத்தரவுகளை அன்றன்றைக்குப் பதிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேரே, அது நிறைவேற்றப்பட்டதா இல்லையா என்று ஜெயிலர் எழுத வேண்டும். சொல்ல ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து, தேதி போட்டு. மாமாவின் தாளில் இருந்த வலதுபக்கப் பத்தி இதுதான். சட்டத்தை யாரும் மீறவில்லை. ஐந்து மேற்படிகளும் சட்டப்படியானவை. நிறைவேற்றாவிட்டால் அதை எழுது என்கிறது அந்தப் பிரிவு. எழுதியதை யார் படிக்க வேண்டும், படித்துவிட்டு யாரைக் கூப்பிட வேண்டும் என்று அது சொல்லவில்லை.

அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, சிறையின் சுகாதார நிர்வாகம் மருத்துவ அதிகாரியின் பொறுப்பு என்கிறது. ஆனால், கண்காணிப்பாளரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு. 50ஆம் பிரிவு இன்னும் மோசம். கசையடி கொடுப்பதற்கு முன் டாக்டர் கைதியைச் சோதித்து, அடி தாங்குவான் என்று சான்று தர வேண்டும். வெள்ளைக்காரன் ஜெயிலுக்குள் டாக்டரை எதற்காக நிறுத்திவைத்தான் என்பது அங்கே தெரிகிறது. வைத்தியம் பார்க்கவும்தான், தண்டனை நிற்காமல் நடக்கவும்தான்.

டாக்டர்களுக்கு அப்போது அதிகாரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. கண்காணிப்பாளரே மருத்துவ அதிகாரியாகவும் இருக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியன் மெடிக்கல் சர்வீஸ் டாக்டர்கள் பலர் ஜெயில் கண்காணிப்பாளர்களாக இருந்திருக்கிறார்கள். ஃபிரெடரிக் ஜான் மௌவாட் என்ற டாக்டர் 1850களில் வங்காளச் சிறைகளுக்கே தலைமை அதிகாரியானார். அந்தமானில் கைதிகள் குடியிருப்புக்கு இடம் பார்க்க 1857இல் போன குழுவுக்குத் தலைவரும் அவர்தான். எனவே, நாற்காலியில் டாக்டரை உட்கார வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க முடியவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். நான்கில் மூன்று பேர் மாமாவைப் போல விசாரணைக் கைதிகள். அந்த ஒரு வருஷத்தில் சிறையில் செத்தவர்கள் 1,995 பேர். அதில் 1,773 பேருடையது 'இயற்கை மரணம்'. நோயில் செத்தவர்கள் இந்தத் தலைப்புக்குள்தான் வருகிறார்கள். எழுதிய சீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஆறு நாள் கிடந்தவர்கள் அதில் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்க்க அந்த அட்டவணையில் பத்தி இல்லை.

சில பெயர்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. திருச்சிப் பக்கம் விரகாலூரில் பிறந்த ஸ்டான் சுவாமி பார்க்கின்சன் நோயாளி. கை நடுக்கத்தில் டம்ளரைப் பிடிக்க முடியாது. 2020 அக்டோபரில் கைதாகி மும்பை பக்கம் தலோஜா சிறையில் இருந்தவர், உறிஞ்சிக் குடிக்கிற ஒரு குவளைக்காக நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5ஆம் தேதி மும்பையில் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்தார். அப்போது அவருக்கு 84 வயது. ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவுசெய்ய ஒரு சிறையில் யாருக்கு அதிகாரம் இருந்திருக்க வேண்டும்? அந்த ஆள் ஏன் அங்கே இல்லை?

*

பெயர்கள் சேர ஆரம்பித்தன. முதல் ஆள் காகிதத்தில் அபாரமாக இருந்தார். இருபது வருஷ அனுபவம். தன் சாதனைகளில் முதலாவதாக அவர் போட்டிருந்தது: கைதிகளை வெளி மருத்துவமனைக்கு அனுப்புவதை மூன்று வருஷத்தில் பாதியாகக் குறைத்தேன். அதைப் பார்த்ததும் மஞ்சள் வண்ணம் பூசினேன். நல்ல பெயர்களுக்கு நான் பூசுகிற வண்ணம் அது. பூசி முடித்த பிறகுதான் என்ன படித்தேன் என்று உறைத்தது.

அது நல்ல விஷயமாகவும் இருக்கலாம். நல்ல டாக்டர்களை உள்ளேயே வைத்து, காணொளி வழியாக நிபுணர்களைக் காட்டி, வெளியே போக வேண்டிய தேவையைக் குறைத்திருக்கலாம். போனில் கேட்டேன்: எப்படிக் குறைத்தீர்கள்? "ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு குழு பார்த்து அனுமதிக்கும்படி மாற்றினேன்" என்றார். மரியாதையான, நிதானமான குரல். அனுமதிக்காமல் விட்டவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்பது என் வேலை இல்லை. என் படிவத்தில் அதற்கு இடமும் இல்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

மூன்றாவதாகப் பேசியவர் ஒரு பெண். நர்ஸாக ஆரம்பித்து நிர்வாகத்துக்கு வந்தவர். சம்பளத்தைச் சொன்னேன், விடுப்பைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்தப் பதவி யாருக்குக் கீழே வருகிறது?"

எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் பதில் வந்தது: சிறைத்துறையின் துணைத் தலைவருக்குக் கீழே. அவரிடம் சொன்னேன். "அப்படியென்றால் நான் 'இவரை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு' என்றால், அவர் 'ஆள் இல்லை' என்று சொல்லலாம், இல்லையா?" என்றார். பிறகு, தன்னைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

வழிக்காவல் இல்லை. தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் ஒன்றாக அணைந்து ஒன்றாக எரிந்துகொண்டிருந்தன. போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடல் தாண்டி ஒரு பெண், மாமாவின் தாளைப் பார்க்காமலே அதன் வலதுபக்கப் பத்தியைப் படித்துவிட்டார்.

அந்தக் கேள்விக்கு உலகத்தில் சில இடங்களில் பதில் தேடியிருக்கிறார்கள். நார்வேயில் 1988இல் சிறை மருத்துவத்தைச் சிறைத்துறையிடமிருந்து எடுத்துப் பொது மருத்துவத்தோடு சேர்த்தார்கள். இங்கிலாந்தில் 2006இல் அந்தப் பொறுப்பு முழுதாக அரசுப் பொது மருத்துவச் சேவைக்குப் போனது. 2015இல் ஐநா சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 27ஆவது, மருத்துவ முடிவுகளை மருத்துவர்கள் மட்டுமே எடுக்க வேண்டும், மருத்துவர் அல்லாத சிறை ஊழியர்கள் அதை மீறவோ புறக்கணிக்கவோ கூடாது என்கிறது.

கலிபோர்னியாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஆறேழு நாளுக்கு ஒரு கைதி அநியாயமாகச் சாகிறார் என்று 2005இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் கண்டது. நீதிபதி தெல்டன் ஹெண்டர்சன், மாநிலச் சிறைகளின் மருத்துவத்தை மாநிலத்தின் கையிலிருந்தே பிடுங்கினார். 2006இல் ராபர்ட் சில்லன் என்ற மருத்துவமனை நிர்வாகியை நியமித்தார். சம்பளம் வருஷத்துக்கு 5 லட்சம் டாலர். அவருக்குப் பிறகு 2008இல் கிளார்க் கெல்சோ. இவர் டாக்டரே இல்லை, சட்டப் பேராசிரியர். இரண்டு பேருமே சிறைத்துறைக்குக் கீழே இல்லை. நீதிமன்றத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். 'ஆள் இல்லை' என்று அவர்களிடம் சொன்னால், சொன்னவர் நீதிபதியிடம் காரணம் காட்ட வேண்டியிருக்கும்.

அதற்கும் முப்பது வருஷம் முன்னால் கேம்பிள் என்ற டெக்சாஸ் கைதியின் வழக்கு. 1973இல் ஜெயில் வேலையாக லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது ஒரு பஞ்சுப் பொதி அவர் மேல் விழுந்தது. மில் இருக்கிற ஊர்க்காரர்களுக்குப் பஞ்சுப் பொதி என்றால் என்னவென்று தெரியும். வைத்தியம் சரியில்லை என்று அவரே மனு எழுதினார். கைதியின் கடுமையான நோயை வேண்டுமென்றே கண்டுகொள்ளாமல் விடுவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 1976இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நாட்டுக் கைதிகளுக்கு வைத்தியம் ஓர் உரிமையானது அங்கேதான். ஆனால் அதே தீர்ப்பில், சிறைத்துறையின் மருத்துவ இயக்குநர்மேல் கேம்பிள் சொன்ன புகார் நிற்காது என்று தள்ளிவிட்டது. நான் ஆள் தேடிக்கொண்டிருந்த நாற்காலியும் கிட்டத்தட்ட அதுதான்.

*

பட்டியல் அனுப்ப வேண்டியதற்கு முந்தின நாள் சாயங்காலம் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அத்தை மக்காச்சோளக் கதிர் உரித்துக்கொண்டிருந்தாள். என்ன யோசனை என்று மாமா கேட்டார். சொன்னேன். ஜெயிலில் கைதிகளுக்கு வைத்தியம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஒரு பெரிய அதிகாரி வேணுமாம். எப்படிப்பட்ட ஆளாக இருக்கணும், நீங்க சொல்லுங்க மாமா.

அவர் சிரித்தார். "என்னையக் கேக்கறயா?" பிறகு, மடித்த காலை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"டாக்டர் நல்ல பையன் கண்ணு. டெய்லி என்ற கிட்ட வந்து, 'இன்னுமா போகல?'ன்னு கேப்பான். நான் அவனத்தான் பாப்பேன். அவன் ஜெயிலரப் பாப்பான். ஜெயிலர் போனப் பாப்பாரு. அந்தப் போன்ல இருக்கறவன் யாருன்னு எங்க ஒருத்தருக்கும் தெரியாது." கதிர் ஒன்றை எடுத்து அத்தை பக்கம் தள்ளினார். "போன எடுக்கறவனா இருக்கோணும். அம்புட்டுத்தான்."

அத்தை நிமிராமலே சொன்னாள். "வாசல்ல அந்த ஐஸை வாங்கி வெக்க ஒரு ஆளு."

அன்றைக்கு ராத்திரி பட்டியலைத் திறந்தேன். பதவி யாருக்குக் கீழே வருகிறது என்பதை மாற்ற என்னால் முடியாது. ஆனாலும் ஒரு குறிப்பு எழுதினேன். ஒரு தகுதியான நபர் இந்தக் காரணத்தால் விலகினார், இதைப் பரிசீலித்தால் இன்னும் நல்ல ஆட்கள் கிடைப்பார்கள் என்று நான்கு வரி. என் மேலாளர் அந்த நான்கு வரியை எடுத்துவிட்டு அனுப்பினார். வாடிக்கையாளர் கேட்காத எதையும் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். மஞ்சள் பூசிய பெயரை நான் எடுக்கவில்லை. எடுக்கக் காரணம் கேட்டால் என்ன சொல்வது? தகுதிகள் எல்லாம் பொருந்தியிருந்தன. அவர் முதல் பெயராகவே போனார்.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. அவரைத்தான் எடுத்திருந்தார்கள்.

இப்படி ஓர் உயர்பதவி நிரம்பினால் சம்பளத்துக்கு மேல் ஊக்கத்தொகை உண்டு. ஐப்பசியில் வந்தது. அதில் பழனி போய் மாமாவுக்கு ஒரு ஜோடி எம்சிஆர் செருப்பு வாங்கினேன். சர்க்கரைக்காரர்களின் காலுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்வது. விரல் இல்லாத இடத்தில் உள்ளே அட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். மாமா வாசலில் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் நடந்து பார்த்தார். இழுப்புச் சத்தம் குறைந்திருந்தது.

"ஏங்கண்ணு, அந்த ஜெயில் வேலைக்கு ஆள் கெடச்சுதா?"

"கெடச்சுட்டாருங்க மாமா."

"போன எடுப்பாரா?"

செருப்பின் வார் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. நான் குனிந்து அதைத் தளர்த்திக்கொண்டிருந்தேன்.